டாக்டரம்மாவுக்கு ஒரு தங்கச்சி

லிஃப்ட் கதவு வந்து டாக்டரம்மாவின் தோளில் இடித்தது. தப்பு செய்துவிட்டதுபோல் பின்வாங்கியது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் வந்து இடித்தது.

உள்ளே போக வேண்டும் என்று மூளை எப்போதோ சொல்லிவிட்டது. கால்களுக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இரண்டு பாதங்களும் பசை தடவி ஒட்டியதுபோல் லிஃப்ட் வாசலில் நின்றன. வலது கை மட்டும் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதை யாரும் ஆடச் சொல்லவில்லை.

"கதவு கெட்டுப்போயிடும் டாக்டரம்மா."

குரலைக் கேட்டதும் டாக்டரம்மா துணிப்பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். குடியிருப்போர் சங்கச் செயலாளர். மனைவி இறந்த பிறகு கீழ்த்தளத்தில் தனியாக இருப்பவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பதால் அவருக்கு அந்தக் குடியிருப்பில் 'கருங்கல்' என்று பெயர்.

"கெட்டா கெடட்டும் சார். கால் வர மாட்டேங்குது."

செயலாளர் உதவிக்கு வரவில்லை. அறிவிப்புப் பலகையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்று பார்த்தார்.

"இப்பத்தான் ஜெனரேட்டர் ரூம் பக்கமா ஒரு அம்மா சைக்கிள்ல போனாங்க. என்னா வேகம்! பாக்க அப்படியே உங்கள மாதிரி."

டாக்டரம்மா கையிலிருந்த துணிப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பைக்குள் ஒரு மஞ்சள் ஹெல்மெட் இருந்தது. அது இன்னும் சூடு ஆறாமல் இருந்தது.

"என்ன மாதிரியா?"

"ஹெல்மெட்டும் கருப்புக் கண்ணாடியுமா இருந்தாங்க, முகம் சரியாத் தெரியல. யாரும்மா, உங்க தங்கச்சியா?"

டாக்டரம்மாவுக்கு மூன்று அண்ணன்கள். தங்கச்சி என்று ஒருத்தி பிறக்கவே இல்லை. ஆனால் சொல்ல வேண்டிய பொய்யை எதிராளியே வாய்க்கு நேராக நீட்டும்போது வேண்டாம் என்று தள்ள யாருக்கு மனசு வரும்?

"ஆமா சார். தங்கச்சிதான்."

சொன்ன அதிர்ச்சியிலோ என்னவோ, வலது கால் சட்டென்று தரையை விட்டுக் கிளம்பியது. இடது கால் பின்னாலேயே ஓடி வந்தது. கதவு மூடிக்கொண்டது.

அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள். நல்ல கைராசி. ஊசி போட்டதே தெரியாது என்பார்கள். அந்தக் கைக்குத்தான் ஒருநாள் நடுக்கம் வந்தது. பார்க்கின்சன் என்றார்கள். நடுங்கும் கையில் துளை போடும் கருவி வருவதைப் பார்த்துக்கொண்டு எந்த நோயாளி வாயைத் திறந்து வைத்திருப்பான்? கிளினிக்கைத் தன்னிடம் வேலை பார்த்த பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அழவில்லை. "பல்லு எங்கயும் போகாது, நான்தான் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அப்புறம் நோய் காலுக்கு இறங்கியது. நேராக நடக்கும்போது ஒன்றுமில்லை. ஒரு வாசல், ஒரு திருப்பம், ஒரு குறுகலான இடம் வந்தால் போதும், கால் உறைந்துவிடும். போன வருஷம் குளியலறை வாசலில் அப்படி உறைந்துபோய் விழுந்து, மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டார்.

அவருடைய கணவர் தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்தான். விழுந்தவை ஒன்று, விழப்போகிறவை மற்றொன்று. மணிக்கட்டு உடைந்த நாளிலிருந்து மனைவியை இரண்டாவது வகையில் சேர்த்துவிட்டார். மேசை முனைகளுக்கெல்லாம் ரப்பர் வைத்தார். நடை வழியெங்கும் கைப்பிடி அடித்தார். தரையில் கோடு இருந்தால் அதைத் தாண்டக் கால் எழும் என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு, ஒவ்வொரு வாசலிலும் மஞ்சளும் கருப்புமாக நாடா ஒட்டினார். வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு ஏதோ கொதிகலன் அறைக்குள் வந்துவிட்டதுபோல் இருக்கும்.

எல்லாம் அன்புதான். ஆனால் டாக்டரம்மா எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில் இருந்தது.

"பார்க் வரைக்கும் போயிட்டு வரட்டுமா?"

"விழுந்தா?"

"மாடிக்குத் துணி காயப்போடப் போறேன்."

"விழுந்தா?"

இப்படியிருக்கும்போதுதான் பிசியோதெரபிப் பெண் ஒருநாள் அவரை நகராத சைக்கிளில் ஏற்றி உட்கார வைத்தாள். வாசலைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அதே கால்கள், பெடலில் வைத்ததும் எண்ணெய் போட்ட சக்கரம்போல் சுற்ற ஆரம்பித்தன. நிற்கவே இல்லை. அந்தப் பெண்தான் கடைசியில் போதும் போதும் என்று கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இது சில பேருக்கு இப்படி இருக்கும் டாக்டர். நடக்க வராது, ஆனா ஓட்ட வரும். மூளைக்கு ரெண்டும் வேற வேற வேலை."

"அப்ப ரோட்ல ஓட்டலாமா?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே!"

"கூடாதுன்னும் சொல்லலையே."

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் காலையில் வந்தாள். கல்லூரிக்குப் போன மகள் விட்டுச்சென்ற சைக்கிள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடந்தது. கட்டடத்தைச் சுற்றி ஒரு வளையப் பாதை. கணவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு, வண்டிகள் எல்லாம் வெளியே போய்விட்ட நேரத்தில், அந்தப் பெண் கூடவே ஓடிவர, டாக்டரம்மா ஒரு சுற்று வந்தார். பிறகு அவள் கையை எடுத்துவிட்டாள். இவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

ஏறுவதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். வாய்விட்டு "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லி, வலது காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட வேண்டும். நிறுத்துவதுதான் பெரும்பாடு. தண்ணீர்த் தொட்டிச் சுவரை ஒட்டி மெதுவாக வந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் பிரேக். வேறு எங்கும் நிறுத்த வராது.

தலைக்குக் கணவரின் பழைய மஞ்சள் ஹெல்மெட்டைப் பரணிலிருந்து எடுத்துக்கொண்டார். காலுக்கும் அவருடைய கால்சட்டைதான். ஆக, கணவருக்குத் தெரியாமல் நடந்த அந்தக் காரியத்தில் பாதிச் சாமான் கணவருடையது.

அன்று மாலை கணவர் வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"உனக்குத் தங்கச்சி இருக்காளா?"

"எனக்கா?"

"இத்தன வருஷத்துல ஒரு தடவகூடச் சொன்னதில்லையேன்னு கேட்டேன். கீழ செயலாளர் பிடிச்சுக்கிட்டாரு. 'உங்க மச்சினி பிரமாதமா சைக்கிள் ஓட்டுறாங்க சார்'ங்கறாரு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்."

டாக்டரம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். யோசிக்க நேரமில்லை.

"பாவங்க அவரு. வயசாகுதில்ல. தனியா வேற கிடக்காரு. கொஞ்ச நாளாவே ஞாபகம் தடுமாறுது போல."

கணவரின் கண்கள் விரிந்தன. விழப்போகிற இன்னொரு பொருளைக் கண்டுபிடித்துவிட்ட கண்கள் அவை.

"தனியாவா இருக்காரு? அடுப்பு இருக்கே வீட்டுல?"

மறுநாள் காலையே செயலாளர் வீட்டுக் கதவில் ஓர் அட்டை தொங்கியது. 'அடுப்பை அணைத்தீர்களா? சாவியை எடுத்தீர்களா?' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதோடு விடவில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கணவர் அவர் எதிரில் போய் நிற்பார். குனிந்து, காது கேளாதவரிடம் பேசுவதுபோல் சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்பார்.

"சார்! நான் யாருன்னு தெரியுதா?"

செயலாளர் மூன்றாம் நாள் டாக்டரம்மாவைப் பிடித்தார்.

"உங்க வீட்டுக்காரரு தினமும் எங்கிட்ட வந்து தான் யாருன்னு கேக்குறாரும்மா. மறந்துட்டாரா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னால் தங்கச்சி போய்விடுவாள். தங்கச்சி போனால் சைக்கிள் போய்விடும்.

"ஆமா சார். கொஞ்ச நாளா அப்படித்தான். வேலை அதிகம் பாருங்க, அதான்."

"த்சொ த்சொ" என்றார் செயலாளர். முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

அன்று மாலையிலிருந்து நுழைவாயிலில் நடந்த காட்சியை டாக்டரம்மா பால்கனியிலிருந்து பார்த்தார்.

"சார்! இன்னிக்கு என்ன கிழமை?" என்றார் கணவர் உரக்க.

"வியாழன் சார்! உங்க வீடு எந்த மாடி?" என்றார் செயலாளர் அதைவிட உரக்க.

"மூணாவது மாடி சார்! நீங்க சாப்டீங்களா?"

"சாப்டேன் சார்! நீங்க மேல போங்க, பொத்தான்ல மூணை அமுக்கணும்!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டு பிரிந்தார்கள். மேலே நின்ற டாக்டரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எது வந்தாலும் முகத்தில் தெரியாது. நோய் முகத்துத் தசைகளையும் இறுக்கி வைத்திருந்தது. சிரிப்பு உள்ளே ஓடி முடிந்தபிறகும் முகம் சும்மா இருக்கும். அதுதான் கணவருக்கு எல்லாவற்றிலும் பெரிய வருத்தம். "என்ன கோவமா?" என்று அடிக்கடி கேட்பார்.

இத்தனை கூத்துக்கு நடுவிலும் டாக்டரம்மா ஒருநாளும் ஓட்டாமல் இருக்கவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். காலையில் படுக்கையிலிருந்து புரண்டு எழுவதே ஒரு யுத்தம். சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்ட வேண்டும். மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை காத்திருக்க வேண்டும். லிஃப்டில் நுழைய ஒரு போராட்டம், வெளியே வர இன்னொன்று. சைக்கிள்வரைக்கும் போய்ச் சேர்வதற்குள் வேறு யாராக இருந்தாலும் திரும்பிப் போயிருப்பார்கள். அவர் போகவில்லை. "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லிக் காலைத் தூக்கிப் போட்டுப் பெடலை மிதித்த அந்தக் கணத்தில், சொன்ன பேச்சைக் கேட்கும் ஓர் உடம்பு அவருக்குக் கிடைத்தது. காற்று காதோரம் போகும். கை ஆடாது. அந்த நேரத்துக்காகத்தான் மிச்ச நாள் முழுவதையும் பொறுத்துக்கொண்டார்.

அந்த நேரத்துக்குத்தான் இப்போது வேறு பக்கமிருந்து ஆபத்து வந்தது.

செயலாளர் ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து வளைவில் போட்டு உட்கார ஆரம்பித்தார். தினமும். சைக்கிள் கடந்து போகும்போதெல்லாம் கண் கொட்டாமல் பார்த்தார். அப்புறம் எங்காவது டாக்டரம்மாவைக் கண்டால் கேள்விகள்.

"உங்க தங்கச்சி எந்தக் காலை முதல்ல தூக்கிப் போடுவாங்க?"

"வலது கால் சார்."

"ஆரம்பத்துல பயமா இருந்திச்சாமா அவங்களுக்கு?"

"இருந்திச்சு... இருந்திச்சுன்னு சொன்னா சார்."

"எதாவது வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே ஏறுறாங்களே, என்ன அது? பாட்டா?"

டாக்டரம்மா பிசியோதெரபிப் பெண்ணிடம் இதைச் சொன்னார். அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிசிரி என்று சிரித்தாள்.

"டாக்டர், இது அதேதான். மனுஷன் விழுந்துட்டாரு."

"என்ன அதே?"

"நாற்காலி போட்டு உக்காந்து பாக்குறது, எந்தக் கால், என்ன பாட்டுன்னு விசாரிக்கறது. இதுக்கு வேற என்ன பேரு? உங்க தங்கச்சியக் காதலிக்கறாரு."

"நீ வாய மூடு."

வாழ்நாள் முழுக்க எல்லோரையும் வாயைத் திறக்கச் சொன்னவர், முதன்முறையாக ஒருத்தியை மூடச் சொன்னார்.

ஆனால் விஷயம் மனசில் முள்ளாகக் குத்தியது. இல்லாத ஒருத்தியை நினைத்து ஒரு மனிதர் உருகுவது பாவமில்லையா? அதுவும் தனி ஆள். இதை வளரவிடக் கூடாது என்று முடிவு செய்தார். மறுநாள் லிஃப்ட் அருகே தானாகவே பேச்சை ஆரம்பித்தார்.

"சார், என் தங்கச்சியப் பத்தி ஒரு விஷயம். அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

"இருக்கட்டுமே" என்றார் செயலாளர்.

டாக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இருக்கட்டுமேவா? வீட்டுக்காரர் இருக்காரு சார்!"

"அதனால என்னம்மா? அவருக்கு ஆட்சேபணை இல்லைன்னா சரிதானே."

என்ன மனுஷன் இவர்! கருங்கல்லுக்குள் இப்படி ஒரு நெருப்பா! டாக்டரம்மா அவசரமாக அடுத்த ஆயுதத்தை எடுத்தார்.

"அவ ஞாயித்துக்கிழம ஊருக்குப் போறா சார். இனிமே வர மாட்டா."

செயலாளர் அறிவிப்புப் பலகையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இனிமே ஓட்டவே மாட்டாங்களா?"

"மாட்டா."

"போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ அவங்ககிட்டத் தனியாப் பேசணும்மா. முடியுமா?"

அந்தக் குரலில் இருந்த ஏக்கத்தை டாக்டரம்மாவால் தாங்க முடியவில்லை. கால்களை எப்படியோ நகர்த்தி லிஃப்டுக்குள் போனார். மேலே ஏறிக்கொண்டிருந்தபோதுதான், தான் செய்திருப்பது என்ன என்று உறைத்தது. தங்கச்சியை ஊருக்கு அனுப்பிவிட்டால் தினமும் காலையில் யார் ஓட்டுவது? தன் சைக்கிளுக்குத் தானே பூட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

சனிக்கிழமைதான் கடைசி. கணவருக்கு அன்றும் ஒரு தொழிற்சாலையில் ஆய்வு இருந்தது. அவர் கிளம்பிப் போன பிறகு, மாத்திரைக்காகக் காத்திருந்து, போராடிக் கீழே வந்து, டாக்டரம்மா ஏறிவிட்டார். இன்று ஆசை தீர ஓட்டிவிட வேண்டும்.

ஆய்வாளர் பாதி வழியில் தலையைத் தடவிப் பார்த்தார். ஊருக்கெல்லாம் ஹெல்மெட் பாடம் நடத்துகிறவர், தன்னுடையதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். திரும்பி வந்தார். உள்ளே நுழையும்போது தண்ணீர்த் தொட்டிச் சுவர் பக்கம் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அவர் வழி தவறி உட்கார்ந்துவிட்டாரோ என்று கவலைப்பட்டு அருகே போனார்.

"சார்! இது உங்க வீடு இல்ல! இது தண்ணித் தொட்டி!"

"தெரியும் சார்."

அப்போது வளைவின் அந்தப் பக்கம் ஒரு சைக்கிள் மறைந்தது. கணவர் ஆர்வமாகப் பார்த்தார்.

"யாரு சார் அது? சைக்கிள்ல போறதுக்கே ஹெல்மெட் போட்டிருக்காங்களே! இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆளா! முதுகப் பாருங்க, எவ்வளவு நேரா உக்காந்து ஓட்டுறாங்க."

"அவங்கதான் சார் உங்க மச்சினி."

"சரி சார், சரி" என்று கணவர் ஆதரவாக அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

சைக்கிள் சுற்றிக்கொண்டு வந்தது. ஹெல்மெட்டின் நெற்றியில் 'பாதுகாப்பே முதன்மை' என்று ஒரு ஸ்டிக்கர். அதைக் கோணலாக ஒட்டியது கணவர்தான். கீழே அவருடைய சாம்பல் நிறக் கால்சட்டை.

"ஏய்! நீயா!"

"வழி விடுங்க!" என்று கத்திக்கொண்டே டாக்டரம்மா கடந்து போனார்.

கணவர் நின்றது சரியாக அந்தச் சுவரருகே. நிறுத்துவதற்கு டாக்டரம்மாவுக்கு இருந்த ஒரே இடம். வேறு வழியில்லாமல் இன்னொரு சுற்று போனார்.

"இறங்கு முதல்ல!" என்றார் கணவர் மறுபடி வந்தபோது.

"இறங்கத்தான் வரேன்! சுவரு... சுவரு!"

கணவர் காதில் சுவர் என்பது மட்டும் விழுந்தது. சுவரில் மோதப்போகிறாள் என்று புரிந்துகொண்டார். உடனே முதுகைச் சுவரில் ஒட்டி, இரண்டு கைகளையும் விரித்து, மனைவிக்கு மெத்தையாக நின்றார். டாக்டரம்மா மெத்தையில் மோதாமல் வளைந்து அடுத்த சுற்றுக்குப் போனார்.

"பிரேக்கப் பிடி!"

"பிடிச்சா நிப்பேன்! நின்னா விழுவேன்!"

அடுத்த சுற்று.

"அது சைக்கிள் ஹெல்மெட் இல்ல! ஃபேக்டரி ஹெல்மெட்! இதுக்கு ஆகாது!"

"வீட்ல அதான் இருந்திச்சு!"

அடுத்த சுற்றில் கணவரும் கூடவே ஓட ஆரம்பித்தார். தொப்பை முன்னே போக அவர் பின்னே போனார்.

"எத்தன... எத்தன நாளா?"

"மழை பெஞ்சா மட்டும் லீவு!"

"மாத்திர... மாத்திர போட்டியா?"

"போட்டேன்! நீங்க ஓடாதீங்க, விழுந்துடப் போறீங்க!"

ஆய்வாளர் திகைத்துப்போய் நின்றார். அந்த வார்த்தையை அவரைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு செயலாளர் பக்கம் வந்தார்.

"சார், நீங்க இப்படி வந்து உக்காருங்க" என்றார் செயலாளர். "காலைப் பாத்தது போதும். அவங்க முகத்தப் பாருங்க."

கணவர் பார்த்தார்.

சைக்கிள் வளைவில் திரும்பி வெயிலுக்குள் வந்தது. கைப்பிடியில் இருந்த இரண்டு கைகளும் ஆணி அடித்ததுபோல் அசையாமல் இருந்தன. கருப்புக் கண்ணாடிக்குக் கீழே அவர் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே மட்டும் ஓடி முடியும் சிரிப்பில்லை. கன்னமெல்லாம் மேலேறி, பல்வரிசை முழுக்கத் தெரிய, இரண்டு வருஷமாக எங்கே போனது என்று அவர் தேடிக்கொண்டிருந்த சிரிப்பு.

கணவர் சுவரைவிட்டு விலகி நின்றார்.

டாக்டரம்மா மெதுவாக வந்து சுவரைப் பிடித்து நிறுத்தினார். இறங்கியும் விட்டார். ஆனால் இறங்கிய இடத்தில் கால் உறைந்துகொண்டது. கை ஆட ஆரம்பித்தது. சற்று முன் காற்றாகப் பறந்தவர் ஓர் அடி எடுக்க முடியாமல் நின்றார்.

கணவர் அருகே வந்தார். தன் காலணியை மனைவியின் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தார், தரையில் போட்ட கோடுபோல.

"தாண்டு" என்றார்.

டாக்டரம்மா தாண்டினார்.

"விழு..." என்று கணவர் ஆரம்பித்தார்.

"நடக்கும்போதுதாங்க விழுந்தேன். ஓட்டும்போது ஒரு தடவகூட விழுந்ததில்ல. நீங்களே சொல்லுங்க, ஒரு விபத்துகூட நடக்காத ஃபேக்டரிய நீங்க மூடுவீங்களா?"

கணவர் யோசித்தார். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே.

"மூட முடியாது" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா சரியான ஹெல்மெட் வேணும்."

ஆய்வை மறந்துவிட்டு, அப்போதே கடைக்குக் கிளம்பிப் போனார்.

மாலையில் செயலாளர் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கதவைத் திறந்த கணவருக்கு வெட்கமாகிவிட்டது.

"சார், நான் உங்கள... கிழமையெல்லாம் கேட்டு... மன்னிச்சிடுங்க. கதவுல அட்டை வேற மாட்டிட்டேன். உள்ள வாங்க சார்."

"பரவால்ல சார். நான் இங்கயே நிக்கறேன்."

கோபம் இருக்கத்தான் செய்யும் என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டார். உள்ளே கூட வராத அளவுக்கு மனம் நொந்திருக்கிறார். இனியும் மறைப்பது நியாயமில்லை. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, மஞ்சள் நாடாவை ஒவ்வொன்றாகத் தாண்டி வாசலுக்கு வந்தார்.

"சார், உங்ககிட்டப் பெரிய பொய் ஒண்ணு சொல்லிட்டேன். உங்க மனசுல ஆசைய வளத்துட்டேன். எனக்குத் தங்கச்சியே கிடையாது. ஓட்டுனது நான்தான்."

செயலாளரின் முகத்தில் எப்போதும்போல ஒரு சலனமும் இல்லை. வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றபடி, ஆடத் தொடங்கியிருந்த தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"தெரியும் டாக்டரம்மா, முதல் நாளே தெரியும், எனக்கும் அப்படி ஒரு தம்பி இருக்கான், ஆறு மாசமா எந்த வாசல்கிட்ட வந்தாலும் கால் நின்னுடுது அவனுக்கு, வெளிய சொல்ல வெக்கப்படுறான். நாளைக்கு உங்க தங்கச்சி சைக்கிள்ல கிளம்பும்போது அவனையும் கூட்டிட்டுப் போகச் சொல்றீங்களா?"